சுவருக்கு அடியில் பாதிக் கிணறு

விரிசலின் குறுக்கே நான் ஒட்டி வைத்திருந்த கண்ணாடித் துண்டு அன்று காலை இரண்டாக உடைந்து கிடந்தது. பழைய சுவரில் விரிசல் விட்டால், அது எப்போதோ விட்டு நின்றுபோனதா, இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க இப்படி ஒட்டுவோம். மெல்லிய கண்ணாடி, சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் தாங்காது. முந்தின நாள் மாலையில்தான் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, சுவருக்கு மறுபக்கம் குடியிருந்தவருக்குக் கேட்கும்படி, "ஒண்ணும் ஆகாது லாத்தா, பயப்படாதீங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அந்த நல்ல தூக்கத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தூத்துக்குடி பழைய ஊருக்குள் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு முடுக்கு அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் மற்றவர் போக முடியும். லாரி தெருமுக்கோடு சரி. அங்கிருந்து கம்பி தோளில் வரும், மணல் தலையில் வரும். அந்த முடுக்கின் நடுவில் பதினெட்டு அடி அகலத்தில் ஒரு மனை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்தும் ஒருவர் அதிலிருந்த பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு, கீழே அலுவலகமும் மேலே வீடுமாக மூன்று மாடி கட்ட நினைத்தார். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆபீசுக்கு அந்த வேலை வந்தது. சின்ன வேலை, தலைவலி பிடித்த மனை என்று சார் அதை என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கோ அது தள்ளிவிட்ட வேலையாகத் தெரியவில்லை. என் கையெழுத்தும் என் முத்திரையும் விழுந்த முதல் வரைபடம் அது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா உப்பளத்துக்குப் போனவள். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் என்று இருந்த கட்டத்துக்காக அப்பாவின் பெருவிரலில் மை தடவியதும் நானே. மாநகராட்சியில் கட்டமைப்புப் பொறியாளராகப் பதிவு கிடைத்து, பெயரும் பதிவு எண்ணும் வைத்து ரப்பர் முத்திரை செய்து வாங்கி வந்த அன்று, வீட்டில் ஒரு பழைய பேப்பர் முழுக்க மூன்று பேருமாகக் குத்திப் பார்த்தோம். அம்மா தன் உள்ளங்கையிலும் ஒன்று குத்திக்கொண்டாள்.

அந்த மனைக்காக நான் உழைத்த உழைப்பைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். வடக்குச் சுவர்தான் மோசம்: தீவுகளுக்குப் பக்கத்தில் கடலுக்குள்ளிருந்து வெட்டி வந்த பவளப்பாறைக் கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கியது. இப்போது அந்தக் கல்லைத் தொட்டாலே வழக்கு. ஒன்றரை அடித் தடிமன், அஸ்திவாரம் என்று சொல்ல மணலுக்குள் இரண்டடி. அதன் பக்கத்திலேயே குடிநீர்த் தொட்டிக்கு ஏழடிக் குழி தோண்ட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் சம்ப் இல்லாமல் வீடு கிடையாது. அதைத் தெற்கே தள்ளலாம் என்று வரைந்து காட்டினேன். மனைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஈசான மூலையில்தான் இருக்க வேண்டுமாம். ஈசான மூலை என்றால் வடகிழக்கு. அதாவது சரியாக அந்தக் கடற்கல் சுவரின் ஓரம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முன்னால் அடக்கிக்கொண்டு, ஆபீசுக்கு வந்து சிரித்தேன். சரி, எங்கே சொல்கிறீர்களோ அங்கே தோண்டிக் காட்டுகிறேன் என்று, மூன்று மூன்று அடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிப் பலகை அடைக்கும்படி முறை போட்டுக் கொடுத்தேன். தவறில்லாத முறை. இன்று கேட்டாலும் அப்படித்தான் போடுவேன்.

மண் பரிசோதனைக் கருவி முடுக்குக்குள் நுழையாது. அதனால் தெருமுக்கில் துளை போட்டு எடுத்தோம். பதினைந்தடிக்கு மணல் என்று வந்தது. நாற்பதடி தள்ளித்தானே, இங்கும் அதே மணல்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பகுதியைத் தோண்டும்போது கொத்தனார் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சினியரம்மா, மண்ணு மாறுது பாத்தியளா? கறுப்பா வருது. ஓடு, சாம்பல், சிப்பி எல்லாம் கெடக்கு. கெணத்தத் தூத்த மாரில்லா இருக்கு."

"குப்பை கொட்டின இடமா இருக்கும் அண்ணாச்சி."

"ஈசான மூலையில்லா? அந்தக் காலத்துக் கொத்தனும் தண்ணிய இங்கனதான வச்சிருப்பான்."

"ரிப்போர்ட்ல மணல்தான் இருக்கு."

"ரிப்போர்ட்டு எடுத்தது தெருமுக்குலல்லா."

"அதுக்குள்ள மண்ணு மாறிருமா?"

அவர் மற்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மாறாதுன்னு இஞ்சினியரம்மா சொல்லியாச்சுல. தோண்டுங்கலே."

அவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாஸ்து என்று ஒருவர் சொன்னதைக் கேலி செய்தவளுக்கு, அதே வாஸ்துவை நம்பி நூறு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் அதே மூலையில் தோண்டியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அங்கே போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. காயல்பட்டினத்து வழி வந்த முஸ்லிம் குடும்பம் அது. அந்த வீட்டு அம்மாவைக் கொத்தனார் முதல் எல்லோரும், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் லாத்தா என்ற சொல்லால்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் வேலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருடைய கணவர் இறந்திருந்தார். லாத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. பக்கத்து முடுக்கில் இருந்த மகள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். மரண வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். ஆண்களுக்கு அது மரியாதை. அந்த வேலையிடத்தில் உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் நான். எனக்கு என்ன தடை? ரிப்போர்ட் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

உடைந்த கண்ணாடியைப் பார்த்ததும் அந்தக் கதவைத் தட்டினேன். ராத்திரி மழை பெய்திருந்தது. குழிக்குள் பலகைகளின் இடுக்கு வழியாகக் கறுப்பு மண் கூழாக வழிந்துகொண்டிருந்தது.

"யாரு? இஞ்சினியர் புள்ளையா? வா, நீ வரலாம்." லாத்தா வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வழி விட்டார். "நேத்து அங்கன நின்னு கூப்பாடு போட்டது நீதான? தொண்ட நல்லாத்தான் இருக்கு ஒனக்கு."

உள்பக்கம் விரிசல் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. அதை ஒட்டித்தான் அவர் கட்டில் கிடந்தது. மேலே மச்சுக் கட்டையின் முனை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. பின்முற்றத்துக்குப் போனேன். சுவரோடு ஒட்டி, அரைவட்டமாக ஒரு கல் திட்டு. மேலே பலகைக்கல் மூடி, அதன்மேல் இரண்டு தண்ணீர்க் குடங்கள்.

"இதென்ன லாத்தா?"

"கெணறு."

அரைவட்டம் சுவருக்குள் போய் மறையும் இடம் வரை கையால் தடவிப் பார்த்தேன்.

"பாதி எங்களுக்கு, பாதி பெரியம்மா வீட்டுக்கு. நீங்க இடிச்சிய பாரு, அதுதான் பெரியம்மா வீடு. எங்க உம்மாவைப் பெத்த வாப்பா முத்துக்குளிப்பு ஏலத்துல சம்பாரிச்சு மொதல்ல அதக் கட்டுனாக. பொறவு ரெண்டாவது மவளுக்குன்னு இதக் கட்டுனாக. கெணறு ரெண்டு பேருக்கும் வேணும்லா? கெணத்துக்கு மேல பனங்கட்டையப் போட்டு, அதுக்கு மேல செவர எழுப்பிட்டாங்க. ரெண்டு பக்கமும் வாளி விழும். கொழா வந்தப்பொறவு ரெண்டு பக்கமும் தூத்தாச்சு."

"இதை ஏன் லாத்தா யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரு கேட்டா? மாசக்கணக்கா இடிக்கிய, தோண்டுதிய. ஒரு பொட்டப்புள்ள இருக்க, நீயாச்சும் வந்து கேட்டியா?"

குடங்களை இறக்கிவிட்டு மூடியை நானும் அவருமாக நெம்பினோம். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கிணற்றுக்குள் நிரப்பிய மண் ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், என் குழிக்குள். நான் முறை போட்டுக் கொடுத்தபடி, மூன்று மூன்று அடியாக, நாங்கள் அதை வாரித் தலைச்சுமையாகத் தெருமுக்கில் கொட்டியிருந்தோம். சுவர் இப்போது ஒரு பழைய பனங்கட்டையின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டையை விரலால் அழுத்தினேன். சோறு மாதிரி உள்ளே போயிற்று.

வெளியே ஓடிவந்து, "அண்ணாச்சி, எல்லாரையும் மேல ஏத்துங்க" என்றேன். கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். "ஏலே, மம்பட்டியப் போட்டுட்டு ஏறுங்கலே!"

குழியைத் திரும்ப மூடுவதற்குத் தெருமுக்கிலிருந்து மணல் தலையில் வந்து சேர வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். முதலில் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும். எங்கள் பக்கம் மட்டும் சவுக்குக் கம்பு சாய்த்தால் நாங்களே சுவரை லாத்தாவின் கட்டில்மேல் தள்ளிவிடுவோம். அந்தப் பக்கம் முட்டுக் கொடுக்க ஆண்கள் உள்ளே போக வேண்டும். ஆண்கள் உள்ளே போவதற்கு லாத்தா வெளியே வர வேண்டும்.

சாருக்குப் போன் செய்தேன்.

"காலி பண்ணச் சொன்னா அது நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். "குழிய மூடு. மழைக்கு விழுந்தா மழை. நீ எதையும் எழுதிக் கிழுதி வச்சிராத."

"உள்ள ஆள் இருக்காங்க சார்."

"நேத்து என்ன சொன்ன? ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னல்ல? அதையே இன்னிக்கும் சொல்லு."

திரும்ப உள்ளே போனேன். லாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"லாத்தா, நீங்க உடனே மக வீட்டுக்குப் போகணும்."

"இத்தா முடிய இன்னும் ஒரு மாசமும் சொச்சமும் கெடக்கு."

"வீடு விழப் போகுது."

"விழுற வீட்டுல இருந்து சாவுன்னு எங்க மார்க்கத்துல சொல்லல. உசுருக்கு ஆபத்துன்னா போகலாம், அது எனக்கே தெரியும். ஆனா விழும்னு யாரு சொல்லுதா? நேத்து விழாதுன்னதும் நீ. இன்னிக்கு விழும்ங்கதும் நீ. இந்த வீட்டையும் குடுங்கன்னு உங்க மனக்காரரு ரெண்டு தரம் ஆள் அனுப்புனாரு. நான் போனப்பொறவு செவரு சும்மா நின்னுச்சுன்னா? புருசன் மௌத்தாகி மூணு மாசம் பொறுக்கல, படி தாண்டிட்டாம்பாங்க. அத நீயா வந்து கேப்ப?"

"சத்தியமாச் சொல்லுதேன் லாத்தா."

"சத்தியத்த வச்சி நான் என்ன செய்ய? எழுதிக் குடு. யாரால விழுதுன்னும் எழுது."

நான் நின்றேன். விரிசலிலிருந்து சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்து கட்டில் விரிப்பில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கையால் தட்டிவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு அவருடைய உயிர் மட்டுமே நினைவில் இருந்தது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. முத்திரை குத்தின அந்தப் பழைய பேப்பரும் நினைவில் இருந்தது. இவர் என்னை நம்பி எழுந்து போய்விடக் கூடாதா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

கணக்குப் போடும் தாளில் ஒன்றைக் கிழித்தேன். இந்த வீட்டின் தெற்குச் சுவர் எந்த நேரமும் விழும் நிலையில் இருக்கிறது, குடியிருப்பவர் உடனே வெளியேற வேண்டும், சுவருக்கு அடியில் கிணறு இருப்பதை விசாரிக்காமல் நான் வரைந்து கொடுத்தபடி தோண்டிய குழியே காரணம் என்று எழுதினேன். முழங்கால்மேல் வைத்து எழுதியதில் எழுத்து கோணியது. கையெழுத்து மட்டும் நேராக விழுந்தது. பைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

லாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் வாசித்தார். பிறகு மார்க்க விஷயங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் பள்ளிவாசல் ஆலிம்சாவுக்குப் போன் போட்டு, சுருக்கமாகச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா" என்றார் ஆலிம்சா.

படித்தேன்.

"ஒங்க பேரும் போட்டிருக்கியளா?"

"போட்டிருக்கேன்."

"பொறவு ஏன் இன்னும் அங்கன நிக்கிய? கூட்டிட்டு வெளிய வாங்க."

வாசலில் கொத்தனாரும் ஆட்களும் சவுக்குக் கம்புகளோடு முடுக்கை அடைத்து நின்றார்கள். ஒதுங்க இடமில்லை. கொத்தனார் ஒரு கணம் விழித்துவிட்டு, "ஏலே, செவத்தப் பாத்துத் திரும்புங்கலே" என்றார். கம்பைத் தோளில் வைத்தபடியே அத்தனை பேரும் சுவரோடு ஒட்டித் திரும்பி நின்றார்கள். அவர்கள் முதுகுகளுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே லாத்தாவை நடத்திக் கூட்டிப் போனேன். துப்பட்டிக்குள்ளிருந்து என் முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் சில்லென்று இருந்தன. பாதி வழியில், "கம்பக் கீழ வைக்கச் சொல்லு, பாவம்" என்றார் என்னிடம் மட்டும்.

மகள் வீட்டில் விட்டுத் திரும்பி வந்தேன். உள்பக்கம் ஒரு முட்டு நின்றிருந்தது. இரண்டாவதைத் தூக்கும்போது பனங்கட்டை முனகும் சத்தம் கேட்டுக் கொத்தனார் ஆட்களை வெளியே இழுத்திருக்கிறார். நாங்கள் முடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் நடுவில் மடங்கிக் கீழே இறங்கியது. அதன் பின்னால் மச்சு. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. புழுதி அடங்கியபின் எட்டிப் பார்த்தேன். கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"நல்லவேள" என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாளே வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சியிலிருந்து ஆணை வந்தது. லாத்தாவின் மருமகன் புகார் கொடுத்து, என் தாளின் நகலையும் இணைத்திருந்தார். பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று எனக்கு நோட்டீஸ். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சார் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "நகல யாரும் மதிக்க மாட்டான். ஒரிஜினல் மட்டும் இல்லேன்னா மழைன்னு முடிச்சிரலாம். அந்தம்மாவுக்கு வீட்டைக் கட்டிக் குடுக்கச் சொல்லுதேன். நீ போயி அந்தத் தாளக் கேட்டு வாங்கிரு. இல்லேன்னா இங்க வராத."

அப்பா அன்று வெளியே போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. அம்மா என்னிடம் கேட்டாள்: "முத்திரைய வாங்கிட்டாங்கன்னா, படிச்ச படிப்பையும் வாங்கிருவாங்களா, ஏளா?"

"அதெப்படிம்மா வாங்குவாங்க" என்றேன். எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

யாரிடமும் எதையும் கேட்டு நிற்காமல் வளர்ந்தவள் என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு. விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லாத்தாவின் மகள் வீட்டு வாசலில் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். காலில் விழுவது வரைக்கும் யோசித்திருந்தேன்.

லாத்தா உள்ளறையில் இருந்தார். மீதி நாட்களை அங்கே கழிக்கிறார். நான் உட்காருவதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நாத்தனார் வந்தா. கொழுந்தன் பொண்டாட்டி வந்தா. இத்தாவுல இருக்கவ எப்படி எடம் மாறலாம்னு கேட்டாளுவ. நான் வாயே தொறக்கல. இத எடுத்து நீட்டுனேன்." மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, நாலாக மடித்த என் தாளை எடுத்துக் காட்டினார். மடிப்புகள் அதற்குள் நைந்திருந்தன. "வாசிச்சுப் பாத்துட்டு வாயடைச்சுப் போனாளுவ. செவரு விழுந்தப்பொறவு யாரும் என்னமும் சொல்லலாம். விழுறதுக்கு முன்னால எழுதுனதுல்லா இது."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"எதுக்கு வந்தன்னு தெரியுது" என்றார். "மருமவன் எல்லாம் சொன்னான். நீ கேட்டா எனக்கு இல்லன்னு சொல்லச் சங்கடம். ஆனா இது இல்லன்னா நான் வெளிய வந்தது வேற ஆயிரும். இத்தா முடியட்டும். அன்னைக்கே வந்து வாங்கிக்கோ. கிழிச்சுப் போட்டாலும் சரிதான்."

இத்தா முடிவதற்கு முன்னால் விசாரணை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. "வேண்டாம் லாத்தா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொன்னதாக நினைவு. சாயா கொடுத்தார்கள். குடித்தேனா என்பது நினைவில்லை.

விசாரணையில் அதிகாரி நகலை என் பக்கம் தள்ளி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். மறுத்தால் போதும், ஒரிஜினலைக் கேட்டு நாள் தள்ளிப் போகும் என்று சார் சொல்லி அனுப்பியிருந்தார். நகலில் என் எழுத்து இன்னும் கோணலாகத் தெரிந்தது. "ஆமா" என்றேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்குப் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் கொடுப்பார்கள் என்று எழுத்தில் இல்லை. சாரின் ஆபீசுக்கு நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

மழை ஓய்ந்ததும் கிணற்றைச் சுத்தமாக வாரி, அடியிலிருந்து கான்கிரீட் நிரப்பி, சுவரைத் திரும்ப எழுப்புகிறார்கள். செலவு மனைக்காரருடையது. அதற்கான வரைபடத்தை நான்தான் வரைந்தேன். கொத்தனார் வீட்டுக்கே வந்து, "வேற எவனும் அந்தக் கெணத்தப் பாக்கலல்லாம்மா" என்று வரைந்து வாங்கிப் போனார். ஓரத்தில் வேறு ஒருவரின் கையெழுத்தும் வேறு ஒருவரின் முத்திரையும் இருக்கின்றன. ஒவ்வொரு அளவும் என்னுடையது. கீழே என் பெயர் இல்லை. வேறு வேலை கேட்டு ஐந்து ஆபீசுகளுக்குப் போய்விட்டேன். எல்லா இடத்திலும் அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை லாத்தா போன் செய்தார்.

"இத்தா முடிஞ்சிட்டு. காயிதம் பத்திரமா இருக்கு. என்னைக்கு வார?"

வருகிறேன் என்று சொன்னேன். இன்னும் போகவில்லை.